அடிக்கல், ஏவுகணை, கோடி: மூன்று வகைச் செய்திகளைப் படிக்கப் பழகுவது

மதுரவாயலிலிருந்து சென்னைத் துறைமுகம் போகும் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 19 கிலோமீட்டர், சுமார் 1,800 கோடி ரூபாய். 2012-இல், தூண்கள் கூவத்தின் ஓட்டத்தை மறிக்கின்றன என்று சொல்லி மாநில அரசு வேலையை நிறுத்தியது. பத்து வருடம் அந்தத் தூண்கள் தலையில் ஒன்றும் இல்லாமல் ஆற்றங்கரையில் நின்றன. கோயம்பேடு பக்கம் பேருந்தில் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 2022 மே மாதம் அதே வழித்தடத்துக்கு, இந்தமுறை இரண்டடுக்காக, சுமார் 5,850 கோடி மதிப்பில், பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார்.

இரண்டு முறையும் பத்திரிகையில் வந்தது உண்மைதான். கல் நாட்டப்பட்டது. ‘சாலை வந்துவிடும்’ என்று படித்துக்கொண்டது நாம்.

அப்படிப் படித்துக்கொள்ளாமல் இருக்கப் பழகுவது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. முதல் சம்பளத்தில் மனை தேடுகிறவர், பங்கு வாங்கப் புதிதாக டீமேட் கணக்கு திறந்தவர், போர் நாட்களில் ராத்திரி முழுக்க டிவி பார்த்துவிட்டுக் காலையில் எது நிஜம் என்று குழம்பியவர், எல்லோருக்கும் இது பயன்படும். ராணுவச் செய்தி, நகரத் திட்டச் செய்தி, கம்பெனிச் செய்தி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. மூன்றிலும் சொல்கிறவருக்கு ஆதாயம் உண்டு. நாம் நேரில் போய்ச் சரிபார்க்க முடியாது. உண்மை தெரியவரும் நாளில் தலைப்பு யாருக்கும் நினைவிருக்காது.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஐந்து கட்டம் போடுங்கள்: செய்தி வந்த தேதி, யார் சொன்னது, என்ன வினைச்சொல், எப்போது முடியும் என்று சொன்னார்கள், கடைசியில் என்ன ஆனது. ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். அது நிரம்ப ஆறு மாதம் ஆகலாம், பதினைந்து வருடமும் ஆகலாம். போனில் எழுதினால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், ஆனால் திரும்பப் பார்க்க மாட்டீர்கள். நான் மூன்று செயலிகளில் எழுதித் தொலைத்தவன்.

வினைச்சொல்லைப் பிடியுங்கள்

சில வருடம் ஒரு பத்திரிகையின் டெஸ்க்கில் வேலை பார்த்தேன். செய்திக்குறிப்பு மூட்டை மூட்டையாக வரும். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: தமிழில் ஒரு செய்தியின் பலம் வாக்கியத்தின் கடைசி இரண்டு சொல்லில் இருக்கிறது. நாமோ முதல் மூன்று சொல்லைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஒரு மாதிரி வாக்கியம் நானே எழுதிக் காட்டுகிறேன். “தாம்பரம் அருகே உலகத் தரம் வாய்ந்த தொழில்நுட்பப் பூங்கா விரைவில் அமைய உள்ளதாக வட்டாரங்கள் தெரிவித்தன.” தினமும் இப்படி ஒன்று பார்க்கிறோம். பிரித்துப் பாருங்கள். ‘அருகே’ என்றால் எத்தனை கிலோமீட்டர்? மனை விளம்பரத்தில் செங்கல்பட்டே தாம்பரம் அருகேதான். ‘உலகத் தரம்’ என்பதற்கு அளவுகோல் கிடையாது. ‘விரைவில்’ என்றால் தேதி இல்லை என்று அர்த்தம், தேதி இருந்தால் போட்டிருப்பார்கள். ‘அமைய’ என்பதில் கட்டுகிறவர் யார் என்பதே இல்லை, பூங்கா தானாக முளைக்கிறது. ‘உள்ளதாக’ என்பதில் ஒட்டியிருக்கும் அந்த ‘ஆக’, எழுதியவர் தன் தலையிலிருந்து பொறுப்பை இறக்கி வைத்த இடம். ‘வட்டாரங்கள்’ யாரென்று சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றையும் கழித்தால் உறுதியாக மிஞ்சுவது தாம்பரம் மட்டும்தான்.

நோட்டின் மூன்றாவது கட்டத்தில் இந்த வினைச்சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘ஆலோசிக்கப்பட்டது’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘அறிவித்தார்’, ‘அரசாணை வெளியானது’, ‘டெண்டர் விடப்பட்டது’, ‘பணி ஆணை வழங்கப்பட்டது’. இந்த ஆறுக்கும் நடுவில் வருடக்கணக்கான தூரம் இருக்கிறது. பத்து நாள் எழுதினாலே கை பழகிவிடும்.

எந்தப் படியில் நிற்கிறது?

வினைச்சொல் தெரிந்ததும் அடுத்த வேலை, விஷயம் ஏணியின் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நகரத் திட்டத்தில் முதலில் சாத்தியக்கூறு அறிக்கை வரும். அப்புறம் விரிவான திட்ட அறிக்கை. அதை மாநில அரசு ஏற்க வேண்டும், பெரிய திட்டமென்றால் மத்திய அரசும் ஏற்க வேண்டும். கடன் கிடைக்க வேண்டும், நிலம் எடுக்க வேண்டும், சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், அப்புறம்தான் டெண்டர். இதில் ஒவ்வொரு படியும் தனித்தனிச் செய்தியாக வரும், ஒவ்வொரு செய்தியும் திட்டமே வந்துவிட்டது போல ஒலிக்கும். கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் மெட்ரோ என்று எத்தனை முறை படித்திருப்போம்! திட்ட அறிக்கை தயாரானது, டெல்லிக்குப் போனது, வழித்தடப் படம்கூட வந்தது. 2025 நவம்பரில் மத்திய அரசு இரண்டையும் திருப்பி அனுப்பியது. இருபது லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோல் காரணமாகச் சொல்லப்பட்டது. அது சரியா தப்பா என்பது வேறு சண்டை. ஆனால் ‘மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்’ என்று நம்பி மனை வாங்கியவரின் பத்திரத்தில் அந்த நிலையம் இல்லை.

ஏணியில் படி மாறி ஏறுவதும் உண்டு. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. நடுவில் இருந்த நாலு வருடமும் சென்னை முழுக்கப் பள்ளம் தோண்டியாகிவிட்டது. ஆகவே அடிக்கல்லை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள். அது திட்டத்தின் படி கிடையாது, விழாவின் படி.

என் சித்தப்பா இதில் அடிபட்டவர். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரியும் என்று 2022 அக்டோபரில் அரசு அறிவித்தபோது, ஒரு மனை விற்பனைக்காரர் பேப்பர் கட்டிங்கை லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினார். “சார், இனிமே நீங்க சென்னை.” எல்லை விரிந்தது நிஜம். ஆனால் எல்லைக்குள் வருவதற்கும் வாசலில் சாக்கடை வருவதற்கும் சம்பந்தம் இல்லை. எல்லை விரிந்தால் மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி கொடுக்கும் அலுவலகம் மாறும், எதிர்காலத் திட்ட வரைபடத்தில் பெயர் இருக்கும், அவ்வளவுதான். சித்தப்பா மனையில் இன்றைக்கும் லாரித் தண்ணீர்தான்.

சரி, ராணுவம். இங்கே கேட்க வேண்டிய சொல் ‘தேவை ஏற்பு’. பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் குழு கூடி, “இந்த ஆயுதம் படைக்குத் தேவைதான்” என்று ஏற்றுக்கொள்வது. 2025 ஜூலையில் 1.05 லட்சம் கோடிக்கு அப்படி ஏற்றார்கள். மறுநாள் தலைப்பு: ‘1.05 லட்சம் கோடிக்கு ஆயுதம் வாங்குகிறது இந்தியா’. வாங்கவில்லை. வீட்டில் பையனுக்குக் கல்யாணம் பண்ணலாம் என்று பேச்செடுத்திருக்கிறார்கள். இதற்குப் பிறகு விலைப்புள்ளி கேட்க வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும், பேரம் பேச வேண்டும், பெரிய தொகை என்றால் பிரதமர் தலைமையிலான பாதுகாப்பு அமைச்சரவைக் குழு ஒப்ப வேண்டும், அப்புறம் கையெழுத்து, அப்புறம் காத்திருப்பு. 126 போர் விமானங்களுக்கு 2007-இல் விலைப்புள்ளி கேட்டார்கள். 2012 ஜனவரியில் ரஃபேலைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. 2016-இல் கையெழுத்தானது 36 விமானத்துக்கு, வேறு ஒப்பந்தமாக.

கையெழுத்தானாலும் நோட்டின் நாலாவது கட்டம் முக்கியம். கோவை சூலூர்க்காரர்களுக்குத் தேஜஸ் போர் விமானத்தின் சத்தம் பழக்கம். அதன் அடுத்த வடிவமான மார்க் 1ஏ விமானம் 83-க்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் விமானம் 2024 மார்ச்சுக்குள் வந்திருக்க வேண்டும். மார்ச் வந்து போனது, விமானம் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து இன்ஜின் வரத் தாமதமானது ஒரு காரணம். குறித்த நேரத்தில் முடிந்த திட்டம் ஒன்றுகூடத் தன் நினைவுக்கு வரவில்லை என்று 2025 மே மாதம் மேடையிலேயே சொன்னவர் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங். வாங்குகிறவரே இப்படிச் சொல்லும்போது, நாம் சந்தேகப்பட்டால் தேசத்துரோகம் என்று யாராவது குதித்தால் சிரித்துக்கொள்ளலாம்.

கம்பெனிச் செய்தியின் ஏணி இன்னும் வழுக்கும். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பெண் பார்க்கப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தது. கட்டாயம் எதுவும் கிடையாது. 2022 செப்டம்பரில் வேதாந்தாவும் ஃபாக்ஸ்கானும் சேர்ந்து 1.54 லட்சம் கோடியில் சிப் ஆலையும் திரை ஆலையும் கட்ட குஜராத் அரசோடு கையெழுத்திட்டன. பத்தே மாதத்தில், 2023 ஜூலையில், ஃபாக்ஸ்கான் விலகிக்கொண்டது. ஆலை முதலில் தங்களுக்கு வருவதாகப் பேச்சிருந்த மகாராஷ்டிரத்தில் ‘எங்கள் ஆலை போச்சு’ என்று நடந்த அரசியல் சண்டையை நினைத்துப் பாருங்கள். கட்டாத ஆலைக்காக இரண்டு மாநிலங்கள் மல்லுக்கட்டின.

சண்டை நடக்கும்போது

மேலே சொன்னதெல்லாம் அமைதிக் காலத்துக்கு. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது விதி ஒன்றே ஒன்று: 72 மணி நேரம் எதையும் பகிராதீர்கள்.

இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்துகொண்டிருந்த 2025 மே 8 இரவு என் அம்மா எழுப்பினார். “ஏண்டா, கராச்சித் துறைமுகத்தையே அழிச்சுட்டாங்களாமே?” டிவியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு சேனல் இல்லை, பல. காலையில் பார்த்தால் கராச்சித் துறைமுகம் இருந்த இடத்தில் இருந்தது. அந்த வாரம் கணினி விளையாட்டுக் காட்சிகள்கூடப் போர்க் காட்சியாகச் சுற்றின. ஆர்மா 3 என்ற விளையாட்டு இதற்குப் பேர்போனது. தங்கள் விளையாட்டு நிஜப் போராகப் பரப்பப்படுகிறது என்று அதைச் செய்த நிறுவனமே 2022-இல் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

சண்டை நேரத்தில் நம் பக்கம், எதிர்ப் பக்கம் இரண்டும் ஒன்றைச் செய்யும்: எதிரியின் இழப்பை உடனே சொல்லும், தன் இழப்பைத் தள்ளிப்போடும். அதே மே மாதச் சண்டையில் இந்திய விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் முதல் நாளே அறிவித்தது. இழப்பு இருந்தது என்பதை, எண்ணிக்கை சொல்லாமல், முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டது மே 31. ஐந்து பாகிஸ்தான் போர் விமானங்களையும் ஒரு பெரிய விமானத்தையும் வீழ்த்தினோம் என்று நம் விமானப்படைத் தளபதி சொன்னது ஆகஸ்டில். பாகிஸ்தான் அதை மறுத்தது. என் நோட்டில் மூன்றும் மூன்று தேதியில் இருக்கின்றன. வீழ்த்தினோம் என்று சொன்ன இரண்டு வரிகளுக்கும் ஐந்தாவது கட்டம் காலி.

காலிக் கட்டம் நிரம்பியதற்கும் உதாரணம் உண்டு. பாகிஸ்தானோடு மோதல் நடந்த 2019 பிப்ரவரி 27 காலை ஸ்ரீநகர் அருகே பட்காமில் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்தது. படைவீரர்கள் 6 பேர், ஊர்க்காரர் ஒருவர், மொத்தம் 7 பேர் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு என்றுதான் முதலில் செய்தி வந்தது. அக்டோபரில் புதிய தளபதி பதௌரியா, நம் ஏவுகணையேதான் அதைத் தாக்கியது, அது பெரிய தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏழு மாதம்! பிப்ரவரியிலேயே இதைக் கேட்டவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் என்னென்ன வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள வியாதியும் கிடையாது. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் 42 ஸ்கட் ஏவுகணைகளில் 41-ஐ அமெரிக்காவின் பேட்ரியாட் தடுப்பு ஏவுகணை தடுத்துவிட்டது என்று அதிபர் புஷ், அதைச் செய்யும் ஆலையிலேயே நின்று சொன்னார். மறுவருடம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தது. சுமார் 9 சதவீத மோதல்களில்தான் ஸ்கட் அழிந்ததற்கு வலுவான சான்று கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை: மத்திய அரசின் செய்திப் பிரிவு நடத்தும் உண்மை சரிபார்ப்புப் பக்கம் போலிக் காணொளிகளைப் பிடிக்க உதவும். அரசு சொன்னதே சரியா என்று பார்க்க அது உதவாது. ஆட்டக்காரரே அம்பயராக நிற்க முடியாதே.

எண்ணைப் பார்த்ததும் மூன்று கேள்வி

எத்தனை வருடத்துக்கு? யார் கையிலிருந்து? பழையதும் இதில் சேர்ந்திருக்கிறதா? இந்த மூன்றையும் கேட்டால் பாதி கோடிகள் கரைந்துவிடும்.

தமிழ்நாட்டின் உலக முதலீட்டாளர் மாநாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் 2.42 லட்சம் கோடி முதலீட்டுக்கு ஒப்பந்தம் என்றார்கள். 2019-இல் 3 லட்சம் கோடி. 2024-இல் 631 ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி, சுமார் 27 லட்சம் வேலை. அந்த 27 லட்சத்தில் 12 லட்சத்துக்கு மேல் ‘மறைமுக’ வேலைவாய்ப்பு. அதாவது ஆலை வாசலில் டீக்கடை போடுகிறவரும் கணக்கில் உண்டு. ஆட்சி மாறினாலும் எண் ஏறத்தான் செய்கிறது. இதனால் தொழிலே வரவில்லை என்று சொல்ல வரவில்லை. ஓரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போனால் ஆலைகள் கண்ணெதிரே நிற்கின்றன. மேடையில் சொன்ன கோடியையும் தரையில் இறங்கிய கோடியையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள் என்கிறேன்.

விருதுச் செய்திகளை நோட்டில் ஏற்றவே வேண்டாம். சத்யம் என்ற ஐடி நிறுவனத்துக்கு 2008 செப்டம்பரில் சிறந்த நிர்வாகத்துக்கான தங்க மயில் விருது கிடைத்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடிக்கு மேல் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார்.

ஆவணத்தைத் தேடுவது

இந்த வேலை சலிப்பு தரும். ஆனால் மற்றவர்கள் செய்ய மாட்டார்கள் என்பதால் அரை மணி நேரத்தில் நீங்கள் முன்னால் போய்விடுவீர்கள்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் பேப்பரை மூடிவிட்டு என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களில் அந்தக் கம்பெனி கொடுத்த அறிவிப்பைத் திறங்கள். பேட்டியில் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம், அங்கே எழுதினால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும். ‘ஆர்டர் கிடைத்தது’ என்று தலைப்பு இருக்கும். அறிவிப்பில் ‘எல்1’ என்று மட்டும் இருக்கும். டெண்டரில் குறைந்த விலை சொன்னவர் என்று அர்த்தம், ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை. சந்தை மதிப்பில் முதல் 250 நிறுவனங்களைப் பற்றி ஊடகத்தில் வதந்தி வந்து பங்கு விலை கணிசமாக ஆடினால், 24 மணி நேரத்துக்குள் அவர்கள் உண்மை, பொய் அல்லது விளக்கம் சொல்ல வேண்டும் என்பது 2024 டிசம்பரிலிருந்து விதி. அந்தப் பதிலைப் படித்துவிட்டு வாங்கலாம், ஒரு நாளில் ஒன்றும் குடிமுழுகாது.

நகரத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் கிடைக்கும். திட்டம் போடுகிறவர்களே தங்கள் இடத்தில் ஏரி எங்கே, வாய்க்கால் எங்கே என்று அங்கே ஒப்புக்கொண்டிருப்பார்கள், செய்திக்குறிப்பில் அதெல்லாம் இருக்காது. மாநில டெண்டர் தளத்தில் தேடி, எந்த டெண்டரும் இல்லை என்றால் வேலை தொடங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத்துக்கு, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையும், நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கையும். ஆங்கிலத்தில் தடித்தடியாக இருக்கும், முன்பக்கச் சுருக்கம் போதும்.

இதிலெல்லாம் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். புதியவர்கள் செய்யும் ஒரே தப்பு, ‘ஏன் இன்னும் பாலம் கட்டவில்லை?’ என்று கேட்பது. காரணம் சொல்ல அலுவலருக்குக் கடமை இல்லை, ‘தகவல் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். ‘இந்தப் பாலத்துக்கான நிர்வாக ஒப்புதல் ஆணையின் நகல், இன்று வரை செலவான தொகையைக் காட்டும் பதிவேட்டின் நகல்’ என்று கேளுங்கள். காகிதம் இருந்தால் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால், இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த ‘இல்லை’யும் ஒரு தகவல்தான். ராணுவத்தில் பாதுகாப்புக் காரணம் காட்டி மறுக்க 8-ஆவது பிரிவு இடம் தருகிறது, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே. அங்கே பத்து ரூபாயை வீணாக்காதீர்கள்.

தலைக்கேறாமல்

ஆறு மாதம் இப்படிப் படித்தால் ஒரு வியாதி வரும். எல்லாமே பொய் என்று தோன்றும். எனக்கும் வந்தது. கார் கம்பெனியான ஃபோர்டு 2021-இல் மறைமலை நகர் ஆலையை மூடுவதாகச் சொன்னபோது, ‘திரும்பி வரும்’ என்று வந்த செய்திகளையெல்லாம் குப்பை என்று எழுதி வைத்தேன். 2024 செப்டம்பரில் கம்பெனியே விருப்பக் கடிதம் கொடுத்தது. அதுவும் காபி குடித்த கதைதான் என்று சிரித்தேன். 2025 அக்டோபரில் 3,250 கோடி, இன்ஜின் தயாரிப்பு, 2029-இல் தொடக்கம் என்று தொகையும் தேதியும் போட்டு அறிவித்தார்கள். ‘குப்பை’ என்று எழுதிய பக்கத்தில் கோடு போட்டு அடித்தேன். எதையும் நம்பாதவனும் படிக்காதவன்தான், நம்புகிறவனைவிட அவனுக்கு வேலை குறைவு, அவ்வளவுதான்.

வீட்டுக் குழுவில் பெரியப்பா ஏதாவது அனுப்பினால் ‘பொய்’ என்று பதில் போடாதீர்கள். “யார் சொன்னாங்க பெரியப்பா, தேதி போட்டிருக்காங்களா?” என்று மட்டும் கேளுங்கள். போன மாதம் எங்கள் குழுவில் ஒரு விரைவுச் சாலைச் செய்தி வந்தது. நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா எழுதியிருந்தார்: “டெண்டர் விட்டாச்சா?”